இசைக்கருவி யாருடையது? பள்ளி இசைக்கு ஒரு துணைக்குழு

இப்போது பணிபுரியும் நடுநிலைப் பள்ளிக்கு நான் மாறுதலில் வந்த புதிதில், அறிவியல் உபகரணங்கள் இருந்த இரும்பு அலமாரியைச் சுத்தம் செய்தேன். அடித்தட்டில் தோல் கிழிந்த இரண்டு சைடு டிரம், எலி கடித்த துருத்தியோடு ஓர் ஆர்மோனியம், பிளந்துபோன ஒரு புல்லாங்குழல். இருப்புப் பதிவேட்டில் 'இசைக்கருவிகள் - 6' என்று ஒரே வரி. என் கைக்குக் கிடைத்தவை நான்கு. காணாமல் போன இரண்டும் என்ன கருவிகள் என்பதை அந்த வரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊரில் விசாரித்தபோது கதை தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இருந்த தலைமையாசிரியர் ஒருவர் இசையில் ஆர்வம் உள்ளவர். பெற்றோர்களைப் பேசிச் சேர்த்து இவற்றை வாங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் சுதந்திர தினத்தில் பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள். அவர் மாறுதலாகிப் போனதும் கருவிகள் அலமாரிக்குள் போய்விட்டன. தோல் மாற்ற யார் பணம் தருவது, யாரைக் கேட்டு மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பணம் இல்லாமல் அந்தக் கருவிகள் வீணாகவில்லை. பொறுப்பு ஒரே மனிதரிடம் இருந்தது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது.

நம் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இசைக்கென்று தனி ஆசிரியர் இல்லை. ஆனாலும் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து பிள்ளைகளிடம் ஆசை வந்துவிட்டது. பள்ளி அளவில் வென்று வட்டாரத்துக்குப் போய், அங்கே வேறு பள்ளிப் பிள்ளைகள் பறையும் பம்பையும் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, மறுநாள் காலையில் "நாமளும் வாசிக்கலாமா டீச்சர்?" என்று வந்து நிற்கிறது. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் உதவத் தயாராகவே இருக்கிறார்கள். அந்த உதவியை எப்படி வாங்குவது, எப்படி ஆள்வது என்பதில்தான் நான் முதலில் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தையும் பிறகு நாங்கள் அமைத்துக்கொண்ட துணைக்குழுவையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதல் முயற்சி முழுக்க என் தவறு. பதினொரு பெற்றோர் ஆளுக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். பணம் என் சொந்த கூகுள் பே கணக்குக்கு வந்தது. அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது. இரண்டு பறை, ஒரு சிறிய கீபோர்டு வாங்கினோம். குறைந்த தொகைக்குப் பள்ளி நேரம் முடிந்த பின் கற்றுத்தர ஒரு தம்பியும் கிடைத்தார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. 2,000 ரூபாய் கொடுத்த ஒரு தந்தை வந்து, குடியரசு தினத்தில் தன் மகன் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தன் பிள்ளைக்காகத்தான் கொடுத்தேன் என்று அவர் நினைத்திருந்தார், நானும் அப்படித்தான் கேட்டு வாங்கியிருந்தேன். இன்னொரு நாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே விழும் அடிக்கு ஏற்ப சுவரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை.

"ஏம்மா, உள்ள வரலையா?"

"எங்கம்மா காசு குடுக்கல டீச்சர்."

அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பணம் கொடுத்தவர்களின் பிள்ளைகள்தான் உள்ளே வரலாம் என்று நான் எந்த இடத்திலும் சொன்னதில்லை. சொல்லாமலே அது விதியாகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியைப் பெறவும் முடிக்கவும் தடையாக அமையும் எந்தக் கட்டணத்தையும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்கிறது. இசை ஒரு தனிப் பாடம் இல்லையே என்று வாதாடலாம். அந்தச் சன்னலோரம் அந்த வாதம் எனக்குச் செல்லவில்லை.

ஆண்டு இறுதியில் ஒருவர் "மீதி எவ்வளவு இருக்கு டீச்சர்?" என்று குழுவில் கேட்டார். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். 640 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. ஆட்டோ வாடகை, கம்பி, கயிறு என்று போயிருக்கும், ரசீது வாங்கவில்லை. கைக்காசைப் போட்டுச் சரிசெய்தேன். அதுவும் தவறு. "அப்போ டீச்சர்கிட்டதான் இருந்திருக்கு" என்று ஒருவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. குழு அமைதியானது. பிறகு காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்தன.

அந்த விடுமுறையில் அமெரிக்கப் பள்ளிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே அரசுப் பள்ளிகளிலும் பேண்டு வாத்தியக் குழுவும் சேர்ந்திசைக் குழுவும் பரவலாக உண்டு. சீருடை, பயணம், கருவிகளின் பழுது ஆகியவற்றுக்குப் பள்ளி நிதி போதாத இடங்களில் பெற்றோர் சேர்ந்து 'பூஸ்டர்' சங்கம் நடத்துகிறார்கள். கால்பந்துப் போட்டி நாளில் தின்பண்டக் கடை போடுவார்கள், கார் கழுவிக் கொடுத்துப் பணம் திரட்டுவார்கள். நன்றாக நடக்கும் சங்கங்களில் எழுதி வைத்த விதிகள் இருக்கும். தலைவர், செயலர், பொருளாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஆண்டுக்கொரு முறை வெளி ஆள் ஒருவர் கணக்கைப் பார்ப்பார்.

அங்கேயும் என் தந்தைமார் பிரச்சினை இருந்திருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் சங்கம், நிதி திரட்ட உழைத்த பெற்றோருக்குப் புள்ளிகள் வழங்கியது. எவ்வளவு திரட்டினாரோ அதற்கேற்ப அவருடைய பிள்ளையின் செலவு குறையும்; திரட்டாதவரின் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. உழைத்தவருக்குப் பலன், நியாயம்தானே என்று தோன்றும். அமெரிக்க வரி நீதிமன்றம் 2013-இல் அதை ஏற்கவில்லை. பொது நன்மைக்கென்று வரிவிலக்கு பெற்ற அமைப்பு, திரட்டிய பணத்தைத் திரட்டியவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அது பொது நன்மை ஆகாது என்ற அடிப்படையில், அந்தச் சங்கத்தின் வரிவிலக்கை ரத்து செய்தது சரிதான் என்று தீர்ப்பளித்தது. இசைக்குழுச் சங்கங்களுக்கும் இதே விதிதான்.

வரி நமக்குப் பொருந்தாது. ஆனால் தீர்ப்பின் உள்ளே இருக்கும் கேள்வி நமக்கு அப்படியே பொருந்தும்: கொடுத்தவருக்கும் பலன் பெறும் பிள்ளைக்கும் இடையில் கயிறு கட்டியிருக்கிறதா, இல்லையா?

அமெரிக்கப் பெற்றோர் தனிச் சங்கம் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வேலை இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை நமக்குத் தந்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலோ பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் கடமை என்கிறது. 'வேறு எந்த வழியிலோ' என்பதில் நம் பறைக்கு வந்த 500 ரூபாயும் அடக்கம். என் கூகுள் பே கணக்கில் பணம் வாங்கியபோது, சட்டப்படி கேள்வி கேட்கும் உரிமை உள்ள ஒரு குழுவை நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஆகவே இரண்டாம் முறை மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் தொடங்கினோம். இசைக்கெனத் துணைக்குழு ஒன்று அமைக்கத் தீர்மானம் போட்டோம். ஏழு பேர்: பெற்றோர் நால்வர், முன்னாள் மாணவர் ஒருவர், ஊரில் உள்ள பம்பைக் கலைஞர் ஒருவர், செயலராக நான். நான்கு பெற்றோரில் இருவரின் பிள்ளைகள் இசைக்குழுவில் இருக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டோம். இந்த விதியைச் சொன்னது குழுத் தலைவி. "தன் புள்ள இல்லாதவங்கதான் டீச்சர் எல்லாப் புள்ளையையும் பார்ப்பாங்க" என்றார். நான் படித்த எதிலும் இந்த விதி இல்லை. பொறுப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். செயலரான ஆசிரியர் பணத்தைத் தொடக் கூடாது. பணம் மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வரும், குழுத் தலைவியும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வெளியே போகும். இது கொஞ்சம் தாமதமாகும். ஒரு தோல் மாற்ற மூன்று வாரம் ஆனதும் உண்டு. அந்தத் தாமதம் எனக்கு இப்போது பாரமாகத் தெரிவதில்லை; இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது.

எதைத் துணைக்குழு முடிவு செய்யும், எதைச் செய்யாது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் அது யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சாகிவிடும். எங்களிடம் என்ன வாங்குவது, எதைப் பழுது பார்ப்பது, பயிற்றுநருக்கு எவ்வளவு மதிப்பூதியம் என்பவை துணைக்குழுவின் முடிவு. எந்தப் பிள்ளை எந்தக் கருவி வாசிக்கும், யார் முன்னால் நிற்பது, எந்தப் பாட்டு என்பவை ஆசிரியரும் பயிற்றுநரும் மட்டுமே எடுக்கும் முடிவுகள். நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதமும் ஆண்டு விழாவில் ஒரு வரி அறிவிப்பும் உண்டு. கருவியின் மேல் பெயர் எழுதுவது கிடையாது. பறையைப் பிள்ளை மார்போடு அணைத்து வாசிக்கிறது. அங்கே இன்னொருவர் பெயர் எதற்கு?

எங்கே வாசிப்பது என்பதுதான் நாங்கள் அதிகம் சண்டை போட்ட விஷயம். இசைக்குழு நன்றாக வந்ததும் அழைப்புகள் வரத் தொடங்கின. காதணி விழா, கட்சிக்காரர் வரவேற்பு, கடைத் திறப்பு. ஊரில் மதிப்புள்ள ஒருவர் தன் வீட்டுத் துக்கத்துக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். பணமும் தருவதாகச் சொன்னார். தோல் மாற்ற ஆகும் தொகையைவிட அது அதிகம். துணைக்குழுவில் இருவர் அனுப்பலாம் என்றார்கள். அப்போது எங்கள் பம்பைக் கலைஞர் பேசினார். அதுவரை கூட்டங்களில் அதிகம் பேசாதவர். "எங்க அப்பாவ இப்படித்தாங்க கூப்பிட்டாங்க. வரமாட்டேன்னு சொல்ல முடியாது. புள்ளைங்களுக்கு அந்தப் பழக்கம் வேணாம்." பள்ளி விழா, துறை நடத்தும் போட்டிகள், தேசிய விழாக்கள் தவிர வேறெங்கும் வாசிப்பதில்லை, வாசிப்புக்குப் பணம் வாங்குவதில்லை என்று அன்றே எழுதிவிட்டோம். இன்றுவரை அந்தத் தீர்மானத்தின் நகலை என் மேசையில் வைத்திருக்கிறேன். மறுப்பது நான் இல்லை, தீர்மானம் என்று காட்ட அது உதவுகிறது.

பறை என்று வந்ததும் சாதி பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாமாகப் பேசாவிட்டால் அது நம் முதுகுக்குப் பின்னால் பேசப்படும். எங்களிடம் இரண்டு பெற்றோர் பறை வேண்டாம் என்றார்கள். இரண்டும் ஒரே மறுப்பு இல்லை. ஒரு தந்தை, "எங்க பையன் இதத் தொடுறதா?" என்றார். ஒரு தாய், "எங்க மாமனார் அடிச்சது போதும் டீச்சர், எம் பொண்ணு படிக்கட்டும்" என்றார். முதலாவது மறுப்புக்கு இடம் கொடுக்க முடியாது. இரண்டாவதில் இருக்கும் வலியை மதிக்காமல் 'நம் தொன்மையான கலை' என்று அந்தத் தாய்க்கு வகுப்பெடுக்கவும் முடியாது. எங்கள் வழி இதுதான்: முதல் பருவம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கருவிகளையும் சுழற்சியில் கற்பார்கள். பறைக்கென்று ஒரு கூட்டம், கீபோர்டுக்கென்று ஒரு கூட்டம் என்று பிரியாது. ஆண், பெண் வேறுபாடும் கிடையாது. பயிற்றுவிக்க வரும் கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் 'ஐயா' என்று அழைக்க, மதிப்பூதியத்தைக் கையொப்பமிட்டு வாங்குவார். அந்தத் தாய் ஒரு நாள் பயிற்சியை நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மகள் தொடர்ந்து வருகிறாள். அந்தத் தந்தை மகனை நிறுத்திவிட்டார். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். இன்னும் அனுப்பவில்லை.

பயிற்றுநர் கிடைக்காத பள்ளிகள் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளியைக் கேட்டுப் பார்க்கலாம். எல்லா மாவட்டங்களிலும் இல்லை. இருக்கும் இடங்களில் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் போன்றவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு நடக்கிறது. அங்கே படித்து முடித்த இளைஞர்கள் உங்கள் வட்டாரத்தில் இருக்கக்கூடும்.

பணம் திரட்டுவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது மற்றவற்றைவிட எளிது. மாணவர்களிடம் வாங்குவதில்லை. பெற்றோருக்குத் தொகை நிர்ணயிப்பதில்லை. ஆண்டு விழாவில் நுழைவாயிலில் ஒரு உண்டியல். அதைத் திறக்க மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் கண்டிப்பாகப் பிள்ளை இசைக்குழுவில் இல்லாதவர். முன்னாள் மாணவர்கள்தான் பெரிய பலம். 2024-இல் மேலாண்மைக் குழு மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் உறுப்பினர்களாக வந்ததால் அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரிய தொகை வேண்டுமென்றால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாகக் கேட்கலாம். அதற்கு முன் தேவையைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதுங்கள். 'இசைக்கருவிகள் தேவை' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள், எந்தக் கருவி, எத்தனை, யார் கற்றுத்தருவார்கள், எங்கே வைப்பீர்கள் என்று எழுத வேண்டும்.

பொருளாக வரும் நன்கொடையில் கவனம் வேண்டும். வீட்டில் கெட்டுப்போய்க் கிடக்கும் கீபோர்டைப் பள்ளிக்குத் தந்து புண்ணியம் தேடுவோர் உண்டு. வாங்கும் முன் பயிற்றுநர் வாசித்துப் பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 25 ரூபாயைப் பராமரிப்புக்கு ஒதுக்குகிறோம். இந்தக் கணக்கு எந்த நூலிலும் இல்லை, எங்கள் அலமாரி கற்றுக்கொடுத்தது. தோல் பறையை மழைக்காலத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தால் ஈரம் ஏறித் தொய்ந்துவிடும். பலகை மேல் வைக்க வேண்டும். வாசிக்கும் முன் காய்ச்சுவது பெரியவர் ஒருவர் முன்னிலையில் மட்டும். செயற்கைத் தோல் போட்டதை ஒருபோதும் நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது; எங்கள் மாணவன் ஒருவன் ஆர்வத்தில் கொண்டுபோய் ஒன்று சுருங்கியது. கோடை விடுமுறைக்கு முன் கீபோர்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் போச்சு. ஆர்மோனியத்தை எலி எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். ஊதும் கருவியைப் பல பிள்ளைகள் மாற்றி மாற்றி வாயில் வைப்பது கூடாது. புல்லாங்குழல் மலிவாகவே கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம்.

விடுமுறையில் கருவியை வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுங்கள் என்பேன். அலமாரியில் பத்திரமாக இருக்கும் கருவியால் ஒரு பிள்ளையும் கற்றதில்லை. கொடுக்கல் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தவறி உடைந்தால் தண்டம் கிடையாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அது இல்லாவிட்டால் ஏழைப் பெற்றோர் பயந்து கையெழுத்துப் போடமாட்டார்கள்; கருவி மறுபடியும் வசதியுள்ள வீடுகளுக்கே போகும்.

கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வரவு, செலவு, மீதி என்று மூன்றே வரிகள், பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறோம். ரசீது இல்லாத செலவை 'ரசீது இல்லை' என்றே எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அன்று அந்த 640 ரூபாயை அப்படி எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாகப் பதிவேடு. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வாங்கிய தேதி, யாரிடமிருந்து வந்தது, இப்போதைய நிலை என்று எழுதுகிறோம். கீபோர்டு எந்தப் பிரிவில் வரும் என்று ஒரு மாணவி கேட்டாள். 'மின்கருவி' என்று ஐந்தாவது பக்கம் திறந்தோம். தலைமையாசிரியரோ நானோ மாறுதலானால், வருகிறவரிடம் துணைக்குழுத் தலைவர் முன்னிலையில் இந்த நோட்டைப் பிரித்து, கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் இருக்கிறது.

இந்த ஆண்டு கடைசி வேலை நாளில் எண்ணினோம். பறை 6, சரி. பம்பை ஒரு இணை, சரி. தாளம் 4, சரி. கீபோர்டு 1, சரி. அடாப்டர் மாற்ற வேண்டும். பறைக்கான மூங்கில் குச்சி 12 இருக்க வேண்டும், 9 இருந்தன. எண்ணியது சன்னலுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்தான். இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருகிறாள். "பன்னெண்டுன்னே எழுதிடவா டீச்சர்? மூணையும் நான் வெட்டிக் கொண்டாந்துடறேன்" என்றாள். வந்த பிறகு எழுதலாம் என்று, 9 என்றே எழுதச் சொன்னேன்.